வாசகர் கேள்வி – பதில்: கருவியில்லாக் கடல்வழியும் நம் கரையோரமும்

பசிபிக் தீவுகளின் ஆதிக்குடிகள் திசைகாட்டியோ வரைபடமோ இல்லாமல் பெருங்கடலைக் கடந்த விதத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். ‘ஹோக்குலேயா’ என்னும் இரட்டைத் தோணி 1976 இல் ஹவாயிலிருந்து தாகித்திக்கு ஓடிய வரலாறும் அதில் இடம்பெற்றிருந்தது. வாகரை முதல் அக்கரைப்பற்று வரை பல வாசகர்கள் அதையொட்டிக் கேள்விகள் அனுப்பியிருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: திசைகாட்டி இல்லாமல் நாலாயிரம் கிலோமீற்றர் போனார்கள் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது, ஐயா. காற்றும் நீரோட்டமும் கொண்டுபோய்ச் சேர்த்த தற்செயலாக அது ஏன் இருக்கக்கூடாது? (உயர்தர வகுப்பு மாணவி, கல்லடி)

பதில்: தாங்கள் எழுப்பிய ஐயத்தை 1950களில் ஆய்வாளர் சிலரும் எழுப்பினார்கள். தொலைதூரத் தீவுகளில் மக்கள் குடியேறியது வழிதவறி மிதந்து சென்றதால்தான் என்று அவர்கள் வாதிட்டார்கள். அந்த வாதத்தைக் கடலிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற நோக்கத்துடன் ஹவாயில் 1973 இல் பொலினேசியக் கடற்பயணச் சங்கம் தோன்றியது. அச்சங்கம் கட்டிய ஹோக்குலேயா 1975 இல் கடலில் இறங்கியது. ஆனால் தோணி இருந்தும் அதற்கு வழிகாட்டத் தெரிந்தவர் ஒருவர்கூட அப்போது ஹவாயில் எஞ்சியிருக்கவில்லை. ஆகவே மைக்குரோனேசியாவின் சத்தவால் என்ற மிகச் சிறிய தீவிலிருந்து மாவு பியாயிலுக் என்பவரை அழைத்து வந்தார்கள். அந்தக் கடலில் அவர் முன்பு ஓடியதில்லை. வடகீழ்க் காற்று வீசும் பகுதியையும், காற்றடங்கிய நடுக்கோட்டுப் பகுதியையும், தென்கீழ்க் காற்று வீசும் பகுதியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து, ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் தோணியைத் தாகித்தியில் சேர்த்தார். வெறுமனே மிதந்து செல்லும் மரத்தை அந்தக் காற்றுகள் மேற்கே தள்ளியிருக்குமே தவிர, தெற்கே தாகித்திக்குக் கொண்டுபோயிருக்க மாட்டா.

அவருடைய முறையின் அடிப்படையைக் கல்லடிக் கடற்கரையில் நின்றே நீங்கள் பார்க்கலாம். டிசம்பர் தொடக்கத்தில், மழைமுகில் விலகிய இரவொன்றில், ஏழு மணியளவில் கடலின் விளிம்பைக் கவனியுங்கள். வரிசையாக நிற்கும் மூன்று வெள்ளிகள் (விண்மீன்கள்) அங்கே எழும். அவை வான நடுக்கோட்டை, அதாவது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோட்டை, ஒட்டியிருப்பதால் உலகின் எந்தக் கரையிலிருந்து பார்த்தாலும் நேர் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் மறையும். நம்முடைய ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அவை சாய்ந்து விலகாமல் ஏறத்தாழச் செங்குத்தாக ஏறுகின்றன. ஒரு மணித்தியாலம் கழிந்தும் அவற்றின் கீழேதான் கிழக்கு இருக்கும். அவை மிக உயரே போனதும் அதே இடத்தில் அடுத்து எழும் வெள்ளி அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. இவ்வாறு ஒவ்வொரு திசைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக எழும் வெள்ளிகளின் வரிசையை மனனம் செய்து வைத்திருப்பதே, சத்தவாலும் அடங்கிய கரோலைன் தீவு மாலுமிகளின் திசைவட்டம். அதில் 32 புள்ளிகள் உண்டு. அவர்களுக்குக் கிழக்கைக் காட்டும் தலைமை வெள்ளி, நாம் திருவோணம் என்று அறிந்திருக்கும் வெள்ளியாகும்.

பகலிலும் முகில் மூடிய இரவிலும் அலையே திசை சொல்கிறது. அப்போதைய காற்றால் கிளம்பும் சிற்றலையை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தொலைவில் வீசும் நிலையான காற்றுகள் அனுப்பும் நீண்ட உருளலைகள் பல நாட்கள் திசை மாறாமல் வந்துகொண்டிருக்கும். தோணி முன்பின்னாக எழுந்து விழுகிறதா, பக்கவாட்டில் உருள்கிறதா, இரண்டும் கலந்து முறுகுகிறதா என்பதை உடம்பால் உணர்ந்து, அந்த உருளலைக்குத் தோணி எந்தக் கோணத்தில் போகிறது என்று அறிகிறார்கள். மாவு பியாயிலுக் குழந்தையாக இருந்தபோதே அவருடைய பாட்டனார் கரையோரக் குழிகளில் தேங்கும் கடல்நீரில் அவரை இருத்தி, நீரின் இழுப்பை உணரப் பழக்கினாராம்.

கடந்த தூரத்தை அறியும் வழி இன்னும் நுட்பமானது. தோணி அசையாமல் நிற்பதாகவும் தீவுகளே தம்மைக் கடந்து போவதாகவும் அவர்கள் மனத்தில் கொள்கிறார்கள். பேருந்தில் போகும்போது வீதியோரத் தென்னைகள் பின்னோக்கி ஓடுவதைப் பார்க்கிறோம் அல்லவா, அதுபோல. பயணப் பாதைக்கு ஒருபுறமாக, கண்ணுக்கு எட்டாத் தொலைவில் இருக்கும் தீவொன்றைத் தேர்ந்துகொண்டு, அது இப்போது எந்த வெள்ளியின் கீழ் இருக்க வேண்டும், பிறகு எந்த வெள்ளியின் கீழ் போயிருக்க வேண்டும் என்று கணித்தபடி வருவார்கள். வேகம், நேரம், நீரோட்டத்தின் இழுப்பு ஆகிய மூன்றும் அந்தக் கணிப்பில் அடங்கிவிடுகின்றன. இரவு பகலாக ஒருவர் விழித்திருந்து இதை மனத்தில் சுமக்கிறார் என்பதை எண்ணிப் பார்த்தால், இதைத் தற்செயல் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது.

கேள்வி: ஹவாய்த் தீவுக்கு நேர் மேலே வரும் வெள்ளியின் பெயரைத்தான் அந்தத் தோணிக்கு வைத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நம்முடைய கரைக்கும் அப்படி ஒரு வெள்ளி இருக்கிறதா? (கடற்றொழில் குடும்பத்தைச் சேர்ந்த வாசகர், கல்முனை)

பதில்: இருக்கிறது. அதுவும் தங்கள் ஊருக்கு நேர் மேலேயே வருகிறது.

ஹோக்குலேயா என்று ஹவாய் மக்கள் அழைப்பது நம் சுவாதி நட்சத்திரத்தை. வான நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 19 பாகையில் அது இருப்பதால் ஹவாயின் தலைக்கு மேலாகக் கடந்து செல்கிறது. அவ்வாறே தாகித்தியின் உச்சியைச் சிரியஸ் என்னும் வெள்ளி கடக்கிறது. ஒரு வெள்ளி நம் உச்சியைக் கடக்கிறதென்றால், அந்த வெள்ளியின் பாகையும் நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோடும் ஒன்றே. கல்முனையின் அகலக்கோடு வடக்கு 7.4 பாகை. திருவாதிரை வெள்ளியும் இன்று அதே 7.4 பாகையில்தான் நிற்கிறது. மட்டக்களப்பு நகரம் அதிலிருந்து மூன்றில் ஒரு பாகை வடக்கே இருப்பதால், அங்கிருந்து பார்ப்பவருக்கும் அது உச்சியை விட்டு விலகியதாகத் தெரியாது.

பிப்ரவரி தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்கு மணலில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். மேலே சொன்ன மூன்று வெள்ளிகளுக்கு வடக்கே, செம்மை கலந்த ஒளியுடன் தனித்துத் தெரிவதே திருவாதிரை. வாகரைக்கும் திருகோணமலைக்கும் அப்பால் வடக்கே போகப் போக அது உச்சியிலிருந்து தெற்கே சரியும். குச்சவெளிப் பக்கத்தில் திருவோணம் உச்சி வெள்ளியாகிவிடும். செப்டெம்பர் தொடக்கத்து இரவுகளில் அதை அங்கே காணலாம்.

மாலுமிக்கு இதனால் என்ன பயன் என்றால், கல்முனைக்கு நேர் கிழக்கே ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் தொலைவில், அதே அகலக்கோட்டில் லிட்டில் நிக்கோபார் தீவு கிடக்கிறது. அங்கிருந்து புறப்படும் ஒருவர் திருவாதிரை தம் உச்சியைக் கடக்கும்படி தோணியைச் செலுத்திக்கொண்டு மேற்கே வந்தால், நம்முடைய கரைக்கே வந்து சேருவார். பழங்காலத்தில் எவரும் இதே வெள்ளியை வைத்து இதே வழியில் வந்தார்கள் என்று நான் வரலாறு எழுத முற்படவில்லை. விண்மீன்களின் இடமும் நூற்றாண்டுகளில் சற்றுச் சற்றாக மாறுகிறது. முறை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை நம் ஊரையே வைத்து விளக்குகிறேன். நிக்கோபார் ஆதிக்குடிகள் பக்கமிதவை கட்டிய தோணிகளில் தீவு விட்டுத் தீவு போய்வந்தவர்கள் என்பது மட்டும் நன்கு அறியப்பட்ட செய்தி.

வடக்கில் தெரியும் துருவ வெள்ளியையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளலாம். கையை நீட்டி விரல்களைக் கிடையாகப் பிடித்தால், மட்டக்களப்பில் அது அடிவானிலிருந்து ஏறத்தாழ நான்கு விரல் உயரத்தில் நிற்கும். நாகபட்டினத்தில் அதைவிடக் கிட்டத்தட்ட இரு விரல் கூடுதலாக ஏறியிருக்கும். சோழமண்டலக் கரை மாலுமிகள் ‘இராப்பலகை’ என்ற சிறு பலகையாலும் முடிச்சிட்ட கயிற்றாலும் இதே அளவை எடுத்தார்கள். மே மாத இரவில் தெற்கே பார்த்தால் தென்சிலுவையும் நமக்குத் தெரியும். அதன் மேல் வெள்ளிக்கும் கீழ் வெள்ளிக்கும் இடையே 6 பாகை. ஹவாயில் கீழ் வெள்ளி நிமிர்ந்து நிற்கும்போது அடிவானிலிருந்து அதே 6 பாகை உயரத்தில் இருக்கும். அதை வைத்தே அங்குள்ள மாலுமிகள் ஊர் நெருங்கிவிட்டதை அறிகிறார்கள். நம் கரையிலோ அந்த உயரம் அதன் மூன்று மடங்கு.

கேள்வி: எங்களுடைய முன்னோர் வேடர் மரபினர். காட்டு மக்கள் என்று சிலர் எங்களைக் குறிப்பிடுகிறார்கள். கடல் கடந்து அவுஸ்திரேலியா வரை போனவர்கள் என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். எது சரி? (வாசகர், வாகரைப் பிரதேசம்)

பதில்: தங்கள் கேள்விக்குப் பொறுப்போடு பதில் சொல்ல வேண்டும். இரண்டு கூற்றுகளுமே தங்கள் மக்களை உள்ளவாறு காணாமல் சொல்லப்பட்டவை.

கதிரவெளி, பால்சேனை, வாகரை, பனிச்சங்கேணி, மாங்கேணி ஆகிய ஊர்களையும் அவற்றைச் சுற்றியுள்ள இடங்களையும் சேர்ந்த கரையோர வேடர், தமிழ் பேசி, கடலிலும் களப்பிலும் மீன்பிடித்து, தேனெடுத்து, சேனைப் பயிரும் செய்து வாழ்ந்து வருபவர்கள். சி. ஜி. செலிக்மன், பிரெண்டா செலிக்மன் ஆகிய இருவரும் 1911 இல் வெளியிட்ட ஆய்வு நூலில், தம்பானை போன்ற உள்நாட்டு வேடரோடு சேர்த்து இவர்களைப் பற்றியும் தனியே எழுதியிருக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே கடலைச் சார்ந்து வாழ்ந்தவர்களாக ஏட்டில் பதியப்பட்ட மக்களை வெறும் காட்டு மக்கள் என்று சுருக்குவது தவறு. கப்பலில் வந்தவை என்று கருதப்படும் தெய்வங்களுக்கு இவர்கள் சடங்கு செய்ததையும் அந்நூல் குறிப்பிடுகிறது. கரையில் நின்று கடலைப் பார்த்து, அதன் வழியே வந்தவர்களைத் தம் வழிபாட்டுக்குள் ஏற்றுக்கொண்ட மக்களின் வரலாறு அதில் அடங்கியிருக்கிறது.

அவுஸ்திரேலியக் கதையைப் பொறுத்தவரை, அந்தக் கண்டத்துக்கு மனிதர் ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன் தென்கிழக்காசியத் தீவுகள் வழியாக மிதவைகளில் சென்றார்கள் என்பதே ஆய்வுகள் காட்டுவது. அவர்கள் இலங்கைக் கரையிலிருந்து புறப்பட்டார்கள் என்பதற்குச் சான்று கிடையாது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் இலங்கையே இந்தியாவோடு நிலத்தால் இணைந்திருந்தது. உறுதியாகச் சொல்லத்தக்க செய்தி ஒன்று உண்டு: களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மனிதர் வாழ்ந்த தடயங்கள் அகழ்வாராய்ச்சியில் கிடைத்திருக்கின்றன, அங்கே மழைக்காட்டில் வேட்டையாடி வாழ்ந்த மக்கள் கடற்சிப்பியில் செய்த மணிகளையும் வைத்திருந்தார்கள். காடும் கடலும் இத்தீவின் ஆதிக்குடிகளுக்கு இரு வேறு உலகங்களாக இருக்கவில்லை என்பதை அந்த மணிகளே காட்டுகின்றன.

அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள உகந்தையில், முருகனும் வேடர் குலத்து வள்ளியும் கல்லோடங்களில் வந்து கரையிறங்கினார்கள் என்று சொல்லி, கடலோரப் பாறைகளைக் கதிர்காம யாத்திரிகருக்குக் காட்டுவார்கள். அது நம்பிக்கை, அதை வரலாற்றுச் சான்றாக நான் இங்கே வைக்கவில்லை. ஆயினும் நம் கிழக்குக் கரை மக்கள் வேடரையும் கடலையும் ஒரே கதையில் வைத்துப் பார்த்தார்கள் என்பது அதில் தெரிகிறது.

தங்களுடைய மூத்தவர்களிடம் இருக்கும் உண்மையான அறிவுக்கு, அவுஸ்திரேலியாவைக் கொண்டுவந்து ஒட்டவைத்த பெருமை தேவையில்லை. களப்பில் உவர் ஏறும் மாதத்தில் எந்த மீன் எந்தப் பக்கம் ஒதுங்கும், மழைவெள்ளம் இறங்கியதும் இறால் எப்போது கடலை நோக்கிப் போகும் என்று சொல்லக்கூடிய ஒருவர் எந்தக் கடலோடிக்கும் குறைந்தவர் அல்லர்.

கேள்வி: பண்டைய இலங்கை மாலுமிகள் நட்சத்திரமே பார்க்கவில்லை என்று உரோமர் ஒருவர் எழுதியிருப்பதாக ஒரு சொற்பொழிவில் கேட்டேன். உண்மையா? (ஆசிரியர், திருக்கோவில்)

பதில்: முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி அவ்வாறு எழுதியது உண்மை. இத்தீவின் மாலுமிகள் விண்மீன்களைக் கவனிப்பதில்லை, ஏனெனில் சப்தரிஷி மண்டலம் அங்கே தெரியாது. அவர்கள் பறவைகளைக் கொண்டுபோய் இடைக்கிடை பறக்கவிட்டு, அவை நிலம் தேடிப் போகும் வழியைப் பின்தொடர்கிறார்கள். ஆண்டில் நான்கு மாதங்களுக்கு மேல் ஓடுவதில்லை. ஒடுங்கிய நீர்வழிகளில் திருப்ப வேண்டியிராதபடி கப்பலின் இரு முனைகளிலும் அணியம் (முன்பகுதி) வைத்திருக்கிறார்கள் என்பவை அவர் தரும் செய்திகள்.

அவர் சொல்லும் காரணம் பிழையானது. ஏப்ரல், மே மாத இரவுகளில் திருக்கோவில் கடற்கரையில் நின்று வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம் நன்றாகவே தெரியும். அவருடைய காலத்திலும் தெரிந்திருக்கும். ஆனால் இன்றைய துருவ வெள்ளி அன்று வடமுனையிலிருந்து 10 பாகைக்கும் மேல் விலகி நின்றது. வடமுனையில் அசையாமல் நின்று திசை காட்டும் வெள்ளி அப்போது எவருக்கும் இருக்கவில்லை. மத்தியதரைக் கடலில் சப்தரிஷியையும் அதன் அயலையும் நம்பி ஓடியவர்கள், வேறு முறையில் ஓடியவர்களைப் பற்றிக் கேட்டறிந்ததைத் தம் அளவுகோலால் அளந்துவிட்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.

மற்றச் செய்திகள் நம்பத்தக்கவை. கரை காட்டும் பறவையைக் கப்பலில் கொண்டுபோகும் வழக்கம் பௌத்த பாளி நூலான தீகநிகாயத்திலும் சொல்லப்படுகிறது. ஆனிமாதக் கதிர்த்திருப்பத்துக்குப் பிந்திய நூறு நாட்களில் அவர்கள் கடலைத் தவிர்த்தார்கள் என்று பிளினி எழுதுவது, தென்மேற்குப் பருவக்காற்று வலுத்திருக்கும் காலத்தோடு அப்படியே பொருந்துகிறது.

கேள்வி: மாஷல் தீவு மக்கள் ஈர்க்குகளைக் கட்டிக் கடல் வரைபடம் செய்தார்கள் என்கிறார்களே, அது எப்படி? (வாசகி, ஓட்டமாவடி)

பதில்: தென்னோலை ஈர்க்குகளையும் மெல்லிய குச்சிகளையும் வளைத்துக் கட்டுவார்கள், சிறு சிப்பிகள் தீவுகளைக் குறிக்கும். வளைந்த ஈர்க்குகள், உருளலை தீவில் மோதித் திரும்புவதையும் தீவைச் சுற்றி வளைந்து வருவதையும் காட்டும். அதைக் கடலுக்குக் கொண்டுபோவதில்லை. கரையில் வைத்து மாணவருக்குக் கற்பித்து, மனத்தில் பதிந்தபின் வைத்துவிட்டுப் போவார்கள்.

அலை வளைவதை நேரில் காண அறுகம் குடாவுக்குப் போனால் போதும். ஏப்ரல் முதல் ஒக்ரோபர் வரை அங்கே அலைச்சறுக்குக்காக உலகெங்கிலும் இருந்து ஆட்கள் வருவதற்குக் காரணம், தெற்கு இந்துப் பெருங்கடலில் எங்கோ வீசும் புயற்காற்று அனுப்பும் உருளலை, முனையைச் சுற்றி வளைந்து ஒழுங்கான வரிசையாகக் குடாவுக்குள் வருவதுதான்.

கேள்வி: எங்கள் படகில் ஜீபிஎஸ் இருக்கிறது, மீன் காட்டும் கருவியும் இருக்கிறது. பழைய ஆட்களின் கணக்கை இனி யார் கேட்கப் போகிறார்கள்? (கடற்றொழிலாளர், வாழைச்சேனை)

பதில்: கருவியைக் கைவிடும்படி எவரும் தங்களுக்குச் சொல்லக்கூடாது. பல நாள் ஓடும் படகில் அது உயிர் காக்கும் பொருள். ஆனால் படகு எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. கடல் அடுத்து என்ன செய்யப் போகிறது என்பதை அது சொல்வதில்லை.

கச்சான் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து வருவதால் கரையோரக் கடல் தட்டையாகக் கிடக்கும். பழக்கமில்லாதவர் அதை அமைதி என்று எண்ணுவார். உண்மையில் இயந்திரம் நின்றுபோனால் படகை வங்கக் கடலின் நடுவே தள்ளிக்கொண்டு போவது அந்தக் காற்றுத்தான். வாடை என்னும் வடகீழ்க் காற்று முரடாக இருந்தாலும் கரையை நோக்கியே தள்ளும். இதை அறிந்த பெரியவர், கச்சான் வலுக்கும் வேளையில் சிறு வள்ளத்தைத் தொலைவுக்கு விடமாட்டார்.

முகத்துவாரத்தைப் பாருங்கள். மழைக்காலத்து வெள்ளம் மணலை உடைத்து வாயைத் திறக்கிறது. கோடையில் கரையோர ஓட்டம் மணலைக் கொண்டுவந்து மறுபடி அடைக்கிறது. மணல்திட்டு போன ஆண்டு இருந்த இடத்தில் இந்த ஆண்டு இருப்பதில்லை. வெளியிலிருந்து வருபவர் உடனே உள்ளே நுழைவதில்லை. வாய்க்கு வெளியே படகை நிறுத்தி, பெரிய அலைகள் கூட்டமாக வந்து போகும் வரை பொறுத்திருப்பார். நிறம் வெளிறி நுரை உடையும் இடம் ஆழம் குறைந்தது, கருமையாக நீர் ஓடும் இடம் வழி. பின்னால் எழும் அலையைத் திரும்பிப் பார்த்தபடி, இரண்டு அலைக்கூட்டங்களுக்கு நடுவே வரும் தணிவில், அலையின் முதுகை விட்டு முந்தாமலும் பிந்தாமலும் உள்ளே வருவார். நகரும் மணல்திட்டை எந்தத் திரையும் அன்றன்று காட்டுவதில்லை.

பாலமீன்மடு வெளிச்சவீட்டையோ கோபுரத்தையோ உயர்ந்த தென்னையையோ, பின்னணியில் குடும்பிமலையோடு ஒரே கோட்டில் வைத்து, வேறொரு திசையில் இன்னொரு சோடி அடையாளத்தையும் பிடித்தால், இரு கோடுகளும் வெட்டும் இடம் கடலடிப் பாரின் (பாறைத்திட்டின்) மேல் நிற்கும். 2004 இல் கரையோரத் தோப்புகளும் கட்டடங்களும் அழிந்த இடங்களில் அந்த அடையாளங்களும் அழிந்தன. எஞ்சியுள்ள பார்களின் இடத்தைத் தங்கள் கருவியில் பதியும்போது, பெரியவர் அதற்கு இட்ட பெயரையும் அவர் பிடித்த அடையாளத்தையும் சேர்த்து ஒரு கொப்பியில் எழுதி வைப்பீர்களானால், இரண்டு அறிவும் ஒன்றையொன்று காக்கும்.

1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அனுபவித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சூறாவளி வருவதற்கு முன்பே, காற்று இல்லாத வேளையிலும், அதன் உருளலை கரையை எட்டிவிடும். அந்த அலையின் ஓசை எப்படி மாறியது என்று அவர்களிடம் இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

கேள்வி: சுனாமியின்போது வேறு நாட்டு ஆதிக்குடிகள் தப்பினார்கள், நாங்கள் ஏன் தப்பவில்லை? (அக்கரைப்பற்று)

பதில்: தங்கள் கேள்வியில் உள்ள வேதனை எனக்குப் புரிகிறது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்.

தாய்லாந்தின் சுரின் தீவுகளில் வாழும் மோக்கன் மக்கள், கடல் பின்வாங்கினால் பேரலை வரும் என்ற முன்னோர் கதையை நினைவில் வைத்து மேட்டுக்கு ஓடினார்கள். இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907 இல் நேர்ந்த பேரலை ‘ஸ்மோங்’ என்ற பெயரில் தாலாட்டிலும் கதையிலும் நிலைத்திருந்தது. நிலம் கடுமையாக நடுங்கியதும் மக்கள் மலையேறிவிட்டதால் மிகச் சிலரே இறந்தார்கள்.

நம்மிடம் அத்தகைய நினைவு இருக்கவில்லை. நிலநடுக்கத்தின் மையம் தொலைவில் இருந்ததால் கடும் நடுக்கமும் இங்கே எச்சரிக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்தே அலை வந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்று நடுக்க மையத்துக்குக் கிழக்கே இருந்த தாய்லாந்தில் கடல் முதலில் பின்வாங்கியது. மேற்கே இருந்த நமக்கு முதலில் வந்தது ஏறுமுக அலை, கடல் உள்வாங்கியது அதற்குப் பிறகே. எனவே மோக்கன் மக்களின் அடையாளத்தை அப்படியே நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தால் அது ஆபத்தாகும். கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் இறங்கினாலும் உடனே உள்நாட்டை நோக்கி ஓட வேண்டும், முதல் அலைக்குப் பிறகு திரும்பி வரக்கூடாது என்பதே நம் கரைக்கு உரிய பாடம். தங்கள் கேள்விக்கு விடை இதுதான்: தப்பியவர்கள் தம் கரையில் நடந்ததை நினைவில் வைத்திருந்தார்கள். நம் கரையில் நடந்ததைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் பொறுப்பு இனி நம்முடையது.

கேள்வி: எங்கள் பாடசாலை மாணவர் மன்றம் இந்த அறிவைச் சேகரிக்க விரும்புகிறது. எப்படித் தொடங்கலாம்? (களுவாஞ்சிக்குடி)

பதில்: மிகுந்த மகிழ்ச்சி. மாவு பியாயிலுக் தம் அறிவை வெளியாருக்குக் கற்பித்தபோது, குடும்பத்துக்குள் காக்க வேண்டியதை வெளியே கொடுத்துவிட்டார் என்று அவருடைய தீவினர் சிலர் வருந்தினார்கள். தம் தீவின் இளைஞர் கற்க முன்வராததால் அது அழிந்துவிடும் என்ற அச்சமே அவரை அவ்வாறு செய்யவைத்தது. 2010 இல் அவர் காலமானபோது, அவரிடம் கற்றவர்களும் அவர்களிடம் கற்றவர்களும் பல தீவுகளில் தோணி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யாருடைய அறிவை யார் எடுத்துக்கொள்வது என்ற கேள்வி அவருக்கு எழுந்ததைப்போல உங்களுக்கும் எழும். ஆகவே முதலில் அனுமதி கேளுங்கள். சடங்குப் பாடல்களையும் தெய்வங்களின் பெயர்களையும் அவர்களாக விரும்பித் தந்தாலன்றி ஒலிப்பதிவு செய்யாதீர்கள். எழுதியதன் ஒரு பிரதி அந்த ஊரிலேயே இருக்கட்டும்.

பொதுவாகக் ‘கடல் அனுபவம் சொல்லுங்கள்’ என்று கேட்டால் பொதுவான பதிலே கிடைக்கும். எந்த மாதம், எந்தக் காற்று, எந்த வெள்ளி, நீர் எந்தப் பக்கம் ஓடியது, எந்த அடையாளத்தைப் பிடித்தீர்கள் என்று கேளுங்கள். ஆறாமீன் (கார்த்திகை) என்னும் வெள்ளிக் கூட்டம் எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று ஒருவர் சொன்னால், அதே இரவில் அவரோடு நின்று பாருங்கள். கடிகார நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெண்களைத் தவறவிடாதீர்கள். களப்போரத்தில் மட்டியும் இறாலும் சேகரிப்பவர்கள், கருவாடு போடுபவர்கள் ஆகியோருக்குக் காற்றையும் வெயிலையும் பற்றித் தெரிந்தது ஆண்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

கரைவலை இழுக்கும் மாதங்களில் போனால் அவர்களுக்கு நேரம் இராது. வாடை தொடங்கி, தோணிகளைக் கரையேற்றிவிட்டு வலை திருத்தும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் போங்கள்.